பினாங்குக் கோலி

விடிந்தும் விடியாத நேரத்தில் துளசிராமன் வைக்கோல் போர்மேல் விழுந்துகொண்டிருப்பான். அரைக்கால் சட்டை, பழைய பனியன். போருக்கு முன்னால் முழங்காலைச் சற்று மடக்கி நிற்பான். யாரோ எதையோ வீசிவிட்டதுபோல இடதுபக்கம் பாய்ந்து, உடம்பு முழுவதையும் நீட்டி விழுவான். எழுந்து வந்து வலதுபக்கம். மறுபடி இடது. தூசி பறக்கும். மாடுகள் மிரண்டு கயிற்றை இழுக்கும். நாற்று நடப் போகிற பெண்கள் வரப்பில் நின்று பார்ப்பார்கள்.

"பினாங்குல எவளோ மருந்து வச்சிட்டா போலக்கீது" என்பாள் ஒருத்தி.

"மருந்து இல்லக்கா, டூட்டி" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி விழுவான்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு மாத லீவில் காக்களூர் ஏரிக்குக் கீழே இருக்கிற தன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு இதுதான் வழக்கம். பினாங்கில் ஈயம் உருக்கும் ஆலை ஒன்றின் கால்பந்து கிளப்புக்கு அவன் கோல் காப்பவன். காலையில் ஆலையின் ஸ்டோரில் வேலை, மாலையில் மைதானம். அறுபத்திரண்டில் கப்பலேறியவன், இன்று முப்பத்தெட்டு வயதிலும் அதே கிளப்பில், அதே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிற்கிறான். ஆட்டக்காரர்கள் அந்த வேலையைக் கோலி என்பார்கள். அதை முதலில் கேட்டபோது ஊர் வாயைப் பிளந்தது. "கோலி ஆடறதுக்கா கப்பலேறிப் போனான்? இங்க ஆடக் கூடாதா?" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கோலிக்குண்டு இல்லை, பந்து பிடிக்கிற வேலை என்று அவன் விளக்கிச் சொன்ன பிறகு வியப்பு இன்னும் கூடியது. உதைக்கிறவனுக்குச் சம்பளம் கொடுத்தாலாவது நியாயம் உண்டு. சும்மா நின்று பிடிக்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள்?

பிடிக்கிற வித்தையை அவன் செங்கல் சூளையில் கற்றான். வீட்டுக்குக் கொஞ்சம் கழனி உண்டு. கோடையில் அதில் வேலை இராது. அப்போது லாரிக்குக் கல் ஏற்றப் போவான். கீழே நிற்பவன் இரண்டிரண்டு கல்லாகச் சேர்த்து வீசுவான். மேலே நிற்பவன் அவை பிரியாமல் வாங்கி அடுக்க வேண்டும். துளசிராமன் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல் வாங்குவான். செவ்வாப்பேட்டை ஜோசப் ஒருநாள் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் பாதையோரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் அவர். தொழிற்சாலையின் கால்பந்து அணிக்கும் அவர்தான் எல்லாம். "கல்லு பிடிக்கிறவனுக்கு பந்து இன்னா பெரிய விஷயம்" என்று கூட்டிப்போய்க் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார். மூன்றாவது வருஷம் சென்னைக்கு ஆட வந்த பினாங்குக்காரர்கள் அவனைத் தாண்டி ஒரு கோல் போடுவதற்குள் ஓய்ந்துபோனார்கள். திரும்பும்போது கையோடு கேட்டுவிட்டார்கள்.

ஊருக்கு வந்திருக்கும்போது பார்த்தால் அவனிடம் விசித்திரங்கள் நிறைய. கதவை முழங்கையால் தள்ளுவான். பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடிக்கமாட்டான். இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டு, குளிரில் நிற்பவன்போல உட்கார்ந்திருப்பான். அடுப்பங்கரையில் டம்ளர் நழுவினால் அது தரையைத் தொடுவதற்குள் அங்கே அவன் இருப்பான். சத்தம் கேட்டுத்தான் மற்றவர்கள் திரும்புவார்கள், அவனோ சத்தம் வருவதற்கு முன்பே திரும்பியிருப்பான். பேச்சில் மட்டும் பினாங்கு ஒட்டவேயில்லை. "இன்னாண்ணா", "அந்தாண்ட" என்று காக்களூர் மணம் மாறாமல்தான் பேசுவான்.

அம்மா லட்சுமியம்மாளுக்கு ஒரு விஷயம்தான் பொறுக்கவில்லை. அவன் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டான்.

முதல் லீவில் கையால்தான் சாப்பிட்டான். அடுத்த முறை பெட்டியிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். கத்திரிக்காய்க் குழம்பும் சோறும் ஸ்பூனில் ஏறுவதைப் பார்த்து லட்சுமியம்மாள் கரண்டியை அப்படியே குண்டானில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். "தொரை ஆயிட்டான். நான் பெசஞ்சு போட்டு வளத்தவன், இப்ப இரும்ப வாய்ல வுட்டுக்கிறான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மாய்ந்தாள். அதன் பிறகு அவள் அவனுக்குப் பரிமாறுவதேயில்லை. அவன் மனைவி மணியம்மாள்தான் பரிமாறினாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணமான மாதமே அவனோடு கப்பலேறியவள். மாமியார் திட்டுவதையெல்லாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வாள். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

அண்ணன் வீரராகவனுக்கும் மனத்தாங்கல் உண்டு. அப்பா போனபின் கழனியைத் தனியாளாய்க் கட்டி இழுத்தவன் அவன். தம்பி அனுப்பியதில் பம்ப்செட் போட்டான், கொட்டகை கட்டினான், அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனாலும் சேற்றில் இடுப்பொடிய நின்றுவிட்டு வரும்போது வாயில் வந்துவிடும்: "அவனுக்கின்னா, ஆடிக்கினே சம்பாரிக்கிறான். நம்ம பொழப்புதான் பேஜாரு." துளசிராமன் காதுபடவும் சொல்லியிருக்கிறான். துளசிராமன் சிரிப்பான்.

எழுபத்து மூன்றில், பொங்கல் கழிந்த வாரம், பினாங்கு கிளப் சென்னைக்கு இரண்டு ஆட்டங்கள் ஆட வந்தது. முதல் ஆட்டம் சென்னை ஸ்டேடியத்தில். இரண்டாவது, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, துளசிராமன் தொடங்கிய அந்தப் பழைய தொழிற்சாலை மைதானத்திலேயே. ஜோசப் பிடிவாதம் பிடித்து அதை ஏற்பாடு செய்திருந்தார். முதல் ஆட்டத்துக்கு அவர் வீரராகவனை வீடு தேடி வந்து அழைத்தார்.

"பதினோரு வருசம் ஆவுது. கூடப் பொறந்தவன் ஆடறத ஒரு தபா கூட பாக்கலயே நீ. கெளம்பு."

வீரராகவன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, திருவிழாவுக்குப் போகிற மாதிரிதான் போனான். ஸ்டேடியத்துக்குள் நுழைந்ததுமே அவனுக்குக் கால் தயங்கியது. அத்தனை கூட்டத்தைத் திருவள்ளூர்க் கோயிலில் தை அமாவாசை அன்றுதான் பார்த்திருக்கிறான். அங்கே கூட்டம் கும்பிடும். இங்கே கத்தியது. அவன் தம்பி தன்னந்தனியாக ஒரு மூலையில், பச்சைச் சட்டையில், வலைக்கு முன்னால் நின்றான். அவன் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அவனை அம்மா அக்கா என்று திட்டினார்கள். "மெட்ராஸ்காரனே மெட்ராசுக்கு எதிரா ஆடறான் பார்ரா" என்று ஒருவன் வாழைப்பழத் தோலை எறிந்தான். அது அவன் தோளில் விழுந்தது. அவன் எடுத்து ஓரமாகப் போட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீரராகவன் ஜோசப்பைப் பார்த்தான். ஜோசப் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அது நடந்தது. சென்னை அணியின் உயரமான ஆள் ஒருவன் எல்லாரையும் தாண்டிப் பந்தோடு வந்தான். அவனுக்கும் வலைக்கும் நடுவில் துளசிராமன் மட்டுந்தான். வந்தவன் காலை ஓங்கினான். ஓங்கிய காலை நோக்கித் துளசிராமன் தலையை முன்னே கொடுத்துப் பாய்ந்தான்.

சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. காய்ந்த தேங்காய் மட்டையை மிதித்தது போன்ற சத்தம்.

மாடு மனிதனைக் குத்தியதை வீரராகவன் பார்த்திருக்கிறான். மாடு தானாக வந்து குத்தும். மனிதன் தப்பித்து ஓடத்தான் பார்ப்பான். இங்கே அவன் தம்பி தானாகப் போய்க் கொடுத்தான். பந்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தான். வாயிலிருந்து ரத்தம் மண்ணில் ஒழுகியது. எழுந்து நின்றது, முன் வரிசைகளை மிதித்துக்கொண்டு இறங்கியது, கம்பி வேலியைப் பிடித்து உலுக்கியது எதுவும் வீரராகவனுக்கு நினைவில்லை. "வுடுங்கடா, எந்தம்பிடா அவன்" என்று அவன் கத்தியதைப் பிறகு ஜோசப் சொல்லித்தான் தெரியும். கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. துளசிராமன் எழுந்துவிட்டான்.

எழுந்தவன் செய்ததுதான் வீரராகவனை வேலியோடு உறைய வைத்தது. துளசிராமனின் இடது கையில் ஒரு விரல் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கம் திரும்பி நின்றது. அவன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான். வலது கையால் அந்த விரலைப் பிடித்து, சாவி திருகுவதுபோல இழுத்து, உள்ளே தள்ளினான். ஓரத்துப் பெஞ்சில் ஒரு ஆள் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டு எழுந்தான், மாற்றுக் கோலி. அவனைப் பார்த்துத் துளசிராமன் கையை அசைத்தான். உட்கார் என்று. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, பந்தை ஓங்கி உதைத்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்தான். அன்று அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. கடைசியில் அவனைத் திட்டியவர்களே அவன் பேரைக் கேட்டுக் கத்தினார்கள். வீரராகவன் காதில் அது விழவில்லை.

ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்கு ஜோசப் அவனைக் கூட்டிப்போனார். தைலமும் வியர்வையுமாக நெடி. துளசிராமன் ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் கைகளை முக்கியபடி உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது.

"இன்னாடா இது" என்றான் வீரராகவன்.

"ஒண்ணுமில்லண்ணா. பழைய வெரலுதான். அப்பப்ப கழண்டுக்கும்."

"கைய எடு."

துளசிராமன் எடுக்கவில்லை. வீரராகவன் வாளிக்குள் கையை விட்டு அந்தக் கைகளை வெளியே எடுத்தான். கூடப் பிறந்தவனின் கைகளை அவன் உற்றுப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. விரல்கள் இஞ்சிக் கிழங்குபோல முண்டும் முடிச்சுமாக இருந்தன. ஒன்று வலப்பக்கம் சாய்ந்திருந்தது, ஒன்று முன்பக்கம். சுண்டுவிரல் மடங்கவே இல்லை. "மூடுடா" என்றான். உள்ளங்கை பாதி மூடியது. அதோடு நின்றுவிட்டது.

வீரராகவன் அந்தக் கையை விடாமல் மெதுவாகக் கேட்டான்.

"ஸ்பூனு இதுக்குத்தானா?"

"பெசஞ்சா சோறு நடுவுல ஒழுகிப்பூடுது. ஸ்பூனப் பாத்தா அம்மா கோவந்தான் படும். வெரலப் பாத்தா அழுவும்."

"மணிக்குத் தெரியுமா?"

"அவதான சட்டைக்கு பொத்தான் போட்டு வுடறா."

வீரராகவன் பெஞ்சில் உட்கார்ந்தான். "அடி பட்டுச்சுல்ல, வெளிய வந்திருக்கலாம் இல்ல? அந்த ஆளு சட்டைய கழட்டினு ரெடியாதான நின்னான்?"

"அதுக்குத்தாண்ணா வரல." துளசிராமன் கைகளை மறுபடி தண்ணீருக்குள் விட்டான். "அவன் நல்ல ஆட்டக்காரன். என்ன விட உசரமா எகிறுவான். ஒரு தபா உள்ள வந்தான்னா அப்பறம் நான் இன்னாத்துக்கு? நானே அப்டித்தான் உள்ள பூந்தேன். எனக்கு முன்ன தானியேலுன்னு ஒருத்தன் கோலியா இருந்தான். பெரிய ஆளு. முட்டி சுளுக்கினு ஒரு வாரம் படுத்தான். அந்த ஒரு வாரத்துக்கு என்ன நிக்க வச்சாங்க. அதோட செரி. அவன் திரும்ப வரவே இல்ல. இப்ப துறைமுகத்துல மூட்டை எண்ணிக்கினு கீறான். பாக்கறப்பல்லாம் கைகுடுப்பான். எனக்குத்தான் அவன் மூஞ்சப் பாக்க முடியாது."

"அதனால?"

"அதனால, நின்னுக்கினே இருக்கணும். அன்னைலருந்து ஒரு தபா கூட நான் வெளிய போனதில்ல."

வீரராகவன் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றான். "போதும்டா. வந்துடு. கழனி கீது. காக்களூர்ல தொழிற்பேட்டைன்னு கம்பெனிங்க வந்துக்கினே கீது. ஜோசப்பு சொன்னா ஒரு வேல கெடைக்கும். அம்மா கண்ணு முன்னால இரு."

துளசிராமன் ஜோசப்பைப் பார்த்தான். ஜோசப் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு முன்னமே தெரியும் போலிருந்தது.

"முடியாதுண்ணா. நான் அந்த ஊரு ஆளாயிட்டேன்."

"ஆளாயிட்டேன்னா?"

"அந்த நாட்டுப் பிரஜை. எழுதிக் குடுத்துட்டேன். பிரஜையா இல்லாதவன் வேல பாக்க பெர்மிட் வேணும்னு சட்டம் வந்துச்சு. நம்ம ஜனம் எவ்ளோ பேரு பெர்மிட் கெடைக்காம கப்பலேறித் திரும்பினாங்க தெரியுமா? கிளப்ல சொன்னாங்க, நீ இந்த ஊரு ஆளானா ஒடம்பு தாங்கற வரைக்கும் நீதான் கோலி, அப்பறம் கோலிங்களுக்கு நீதான் வாத்தியார்னு."

"அப்ப நீ இங்க வரணும்னா?"

"அந்த நாட்டு பாஸ்போர்ட்ட காட்டிட்டுத்தான் உள்ள வரணும்."

"நம்ம ஊட்டுக்கா?"

"நம்ம ஊட்டுக்குத்தான்."

ரயிலில் திரும்பும்போது வீரராகவன் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். ஜோசப் செவ்வாப்பேட்டையில் இறங்கும்போது தோளைத் தொட்டார். அதற்கும் அவன் நிமிரவில்லை. வீட்டில் அம்மா "கெலிச்சானா?" என்று கேட்டாள். "ம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். விடிந்ததும் மாட்டடியில் பால் கறந்துகொண்டிருந்தவள், "ராத்திரி பூரா பொரண்டியே, இன்னாடா?" என்றாள். பொய் சொல்ல அவனுக்கு எப்போதுமே வராது. விரலைச் சொன்னான். ஓங்கிய காலில் அவன் தலையைக் கொடுத்ததைச் சொன்னான். ஸ்பூனைச் சொன்னான். பிரஜையானதைக் கடைசியில் சொன்னான்.

லட்சுமியம்மாள் அழவில்லை. அவள் கை மட்டும் மடிக்காம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. பசு திரும்பி அவளைப் பார்த்தது. பிரஜை விஷயம் அவள் மனத்தில் ஏறியதாகவே தெரியவில்லை. "எத்தினி வருசமா அந்தப் புள்ளைக்கி நான் சோறு போடல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கெழம நானும் வரேன்" என்றாள்.

"உன்னால பாக்க முடியாதும்மா."

"பாக்கறேன்னு யாரு சொன்னா?"

அவள் சொன்னதன் பொருள் ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்குப் புரிந்தது. தொழிற்சாலை மைதானத்தில் ஆபீசர்களோடு அவளுக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார் ஜோசப். அவள் அதில் உட்காரவில்லை. நேராகத் துளசிராமன் நிற்கிற வலைக்குப் பின்னால் போனாள். அங்கே கம்பி வேலியை ஒட்டி ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. அதில் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஆயா, ஆட்டம் அந்தாண்ட" என்றார் ஒருவர்.

"ஆட்டம் எனக்கு வேணாம்பா. நீ பாரு."

வீரராகவன் அவள் எதிரில், மைதானத்தைப் பார்த்தபடி நின்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஓட்டமும் மூச்சும், தரையில் உடம்பு விழுகிற தொப்பென்ற சத்தமும் கேட்டன. கூட்டம் ஒவ்வொரு தடவை ஓவென்று கத்தும்போதும் அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"எழுந்துட்டானா?"

"எழுந்துட்டாம்மா."

கோல் விழுந்ததா, தடுத்தானா, யார் ஜெயிக்கிறார்கள் என்று அவள் ஒருமுறையும் கேட்கவில்லை. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறின. ஜோசப்பும் வீரராகவனும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்கு நடந்தார்கள். லட்சுமியம்மாள் தரையைப் பார்த்தபடி பின்னாலேயே வந்து, பெஞ்சு போட்டதும் மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

முடிகிற சமயத்தில் பெருஞ்சத்தம் ஒன்று எழுந்தது. "எழுந்துட்டானா?" என்றாள். வீரராகவன் பதில் சொல்லவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது. மகனின் வேட்டியை எட்டிப் பிடித்தாள். "எழுந்துட்டானாடா?" அவள் திரும்பவில்லை. வேட்டியைப் பிடித்த கையை மட்டும் விடாமல் இறுக்கிக்கொண்டே இருந்தாள். முதுகுக்குப் பின்னால் கூட்டம் மெல்லக் கைதட்டத் தொடங்கியது.

"எழுந்துட்டாம்மா" என்றான் வீரராகவன், உட்கார்ந்து மூச்சு விட்டபடி.

விசில் ஊதியது. பினாங்கு ஒரு கோலில் தோற்றது. ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டு கலைந்தார்கள். துளசிராமன் மட்டும் வலையைச் சுற்றிக்கொண்டு வேலிக்கு வந்தான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியிருந்தது. முகமெல்லாம் மண்.

"அம்மா" என்றான்.

அவள் முதுகு அசையவில்லை.

"அடி பட்டுச்சா?"

"இல்லம்மா."

லட்சுமியம்மாள் திரும்பிப் பார்க்காமலே, தோளிலிருந்து முந்தானையை இழுத்தாள். அதன் நுனியை விரலால் தேடிப் பிடித்துச் சுருட்டி, கையைப் பின்னால் கொண்டுபோய், கம்பி வேலியின் கண் ஒன்றில் நுழைத்தாள். அந்தப் பக்கம் அவன் அதை வாங்கிக்கொள்ளும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.